கோச்சுக்கு உப்புச் சர்க்கரை

எடிசன், நியூ ஜெர்சி
19 அக்டோபர் 1997

அன்புள்ள தங்கை ராமாத்தாளுக்கு,

நானும் சாரதாவும் சுகம். நீ, மாப்பிள்ளை மயில்சாமி, சபரி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? டெக்சஸில் வெயில் இறங்கியதா?

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பள்ளி விட்ட பிறகு என் வகுப்பறைக்கு வந்தார். டை கட்டிய பெரிய ஆள். மாணவர் பெஞ்சில் சிரமப்பட்டு உட்கார்ந்துகொண்டு, என் மாணவன் ஒருவன் பெயரைச் சொல்லி, "சார், இந்தப் பையனுக்கு அல்ஜீப்ராவில் ஒரு சி கிரேடு வர என்ன செய்யணும்?" என்றார். "அவன் படிக்கணும்" என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். அவர் ஒரு கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் கோச்; அந்தப் பையனைத் தன் அணிக்கு எடுக்க அந்த மதிப்பெண் வேண்டியிருந்தது. அந்தப் பையன் என்னோடு நாற்பது சாயங்காலம் உட்கார்ந்து, தானே அந்த சியை வாங்கிக்கொண்டு போனான்.

போன ஞாயிறு போனில் நீ கேட்டாயே, சபரியை ஏன் இத்தனை கல்லூரிகள் துரத்துகின்றன என்று. இதனால்தான். நல்ல ஆட்டக்காரன் கிடைத்தால் அந்தக் கல்லூரியின் மைதானம் நிறையும். அதற்காக நாலு வருஷப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் தருவார்கள். ஒரு கல்லூரிக்கு வருஷத்தில் இருபது, இருபத்தைந்து இடம்தான்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். தபாலில் வரும் கடிதங்கள் ஜாதகம் கேட்டு அனுப்புவது போல. அதை ஆயிரம் பேரிடம் கேட்பார்கள். டிசம்பரில் கோச் வீட்டுக்கு வருவது பெண் பார்க்க வருவது. அவர்களும் நாமும் வாயால் சம்மதம் சொல்வது நம் பக்கத்தில் நிச்சயத்துக்கு மாற்றிக்கொள்ளும் உப்புச் சர்க்கரை. பிப்ரவரி முதல் புதன்கிழமை கையெழுத்து. அதுதான் தாலி.

பையனை நன்றாகத் தூங்கச் சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
குமாரசாமி

*

சுகர்லேண்ட், டெக்சஸ்
9 நவம்பர் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா?

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. தபால் பெட்டியில் கடிதம் நிறைந்து வழிகிறது. செருப்பு டப்பா மூன்றில் போட்டு வைத்திருக்கிறேன்.

இங்குள்ள நம்மவர்கள் கூடிய தீபாவளி விருந்தில் பத்மநாபன் சார் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்னம்மா, படிப்பு வரலையா, அதான் பந்தா?" நான் இலையைப் போட்டுக்கொண்டே சொன்னேன். "படிப்பும் வருதுங்க, பந்தும் வருது. உங்க பையனுக்கு ஒண்ணுதானுங்களே வருது." அதன் பிறகு அவர் பாயசம்கூட வாங்கவில்லை. இவர் காரில் வரும்போது, இப்படிப் பேசலாமா என்று கோபித்துக்கொண்டார். பேசலாம் என்றேன்.

சபரி பந்தைத் தொடுவதே இல்லை, அண்ணா. உங்களுக்குத் தெரிந்திருக்கும், எனக்கு மூன்று வருஷம் தெரியவில்லை. பந்து வைத்திருப்பவனை அடிக்க வருகிறவர்களை வரிசையில் நின்று தடுப்பதுதான் இவன் வேலை. ஆறடி நாலங்குலம், இருநூற்று எண்பத்தைந்து பவுண்டு. வெள்ளிக்கிழமை 28-14 என்று ஜெயித்தார்கள். அதற்கு முந்தின வாரம் 21-20. இவன் பக்கமாக ஒருத்தன்கூட உள்ளே வரவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரம் முதல் நாக்கவுட் ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
ராமாத்தாள்

*

சுகர்லேண்ட்
14 டிசம்பர் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சபரி சுகம், அவரும் சுகம்.

நல்ல செய்தி. ஐந்து கல்லூரிகள் இவனைக் கேட்டு நின்றன. அதில் பெரியது, இவன் ஏழாம் வகுப்பிலிருந்து சுவரில் படம் ஒட்டி வைத்திருக்கும் கல்லூரி. அதிலிருந்து புதன்கிழமை கோச் ஹார்லன் வீட்டுக்கு வந்தார். கேசரியும் உருளைக்கிழங்கு பஜ்ஜியும் செய்தேன். பஜ்ஜி பன்னிரண்டு சாப்பிட்டார். அவர் உள்ளே வந்தபோது சபரி டைனிங் டேபிளில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தபடியே கை கொடுத்தான். அவர் ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு வருஷமும் எல்லாச் செலவும் அவர்களுடையது என்றார். "உங்கள் மகன் இனி எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றார். சபரி அப்பாவும் சம்மதம் சொன்னார். உடனே நான் உள்ளே போய்த் தட்டில் உப்பும் சர்க்கரையும் கொண்டுவந்து வைத்தேன். தாய்மாமன் இல்லாமல் செய்கிறோமே என்று மனசு கேட்கவில்லை. உங்கள் போட்டோவை ஷெல்ஃபில் இருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கோச்சுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் ரொம்ப சந்தோஷமாக இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு கண்ணீர் வர இருமினார்.

மறுநாளே மற்ற நாலு கல்லூரிக்கும் போன் செய்து, பேச்சு முடிந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவர் பிப்ரவரி வரைக்கும் பேசலாமே என்று கெஞ்சினார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்றேன்.

மாடியில் குளிராக இருக்கிறது என்று சபரி கீழ் அறையில் படுக்கிறான். வேறு விசேஷமில்லை.

தங்கை,
ராமாத்தாள்

*

எடிசன்
20 டிசம்பர் 1997

அன்புள்ள ராமாத்தாளுக்கு,

எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. சாரதா நேற்று ஓக் ட்ரீ ரோட்டில் உனக்கு ஒரு சேலை எடுத்திருக்கிறாள், தனியாக அனுப்புகிறோம்.

முதலில் என் தப்பைச் சொல்கிறேன். முப்பது வருஷம் உதாரணம் சொல்லியே பாடம் நடத்தியவன் நான். ஓர் உதாரணம் எந்த இடம் வரைக்கும் பொருந்தும் என்று சொல்லாமல் நிறுத்தினால் பிள்ளைகள் அதையே கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். உனக்கு அதைத்தான் செய்துவிட்டேன். நம் ஊரில் உப்புச் சர்க்கரை மாற்றினால் இரண்டு வீடும் கட்டுப்படும். இங்கே வாயால் சொன்னது யாரையும் கட்டாது. கோச் ஹார்லன் இன்னும் ஐந்து வீட்டில் இதையே சொல்லிவிட்டு, யாரை வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். கையெழுத்து விழும்வரை அந்த நாலு பேரையும் வாசலில் நிற்க விட்டிருக்க வேண்டும். இதை நான் எழுதவில்லை. குற்றம் என்னுடையது.

இரண்டாவது, உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முந்தின கடிதத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எண்ணிக்கை எழுதியிருந்தாய். நாக்கவுட் ஆட்டங்களுக்கும் எழுதுவதாகச் சொன்னாய். இதில் ஒரு ஆட்டம்கூட இல்லை. மாடியில் குளிர் என்கிறாய். உன் வீட்டில் மாடிதான் சூடு என்று ஆகஸ்டில் வந்தபோது நானே படுத்துப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்த பெரியவர் நின்றிருக்க உன் மகன் உட்கார்ந்தபடியே கை கொடுத்தான் என்றும் எழுதியிருக்கிறாய். அதை நீ பார்த்துக்கொண்டு நின்றாய் என்றால் நம்ப முடியவில்லை.

அவன் காலில் என்ன, அம்மணி?

உன் அண்ணன்,
குமாரசாமி

*

எடிசன்
2 ஜனவரி 1998

அன்புள்ள ராமாத்தாளுக்கு,

புது வருஷம் உங்கள் மூவருக்கும் நல்லதாக அமையட்டும். சாரதாவின் முதுகு பரவாயில்லை. சேலை வந்ததா?

இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் மாப்பிள்ளைதான் எடுத்தார். எல்லாரும் சுகம் என்றார், மழையைப் பற்றிப் பேசினார், நீ கடைக்குப் போயிருக்கிறாய் என்றார். ஒரு தடவை பின்னால் நீ பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது.

கோபம் என்றால் கோபமாகவே எழுது.

குமாரசாமி

*

சுகர்லேண்ட்
9 ஜனவரி 1998

அண்ணாவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபமாகவே எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

ஆமாம். நவம்பர் 28, மூன்றாவது நாக்கவுட் ஆட்டத்தில் இவன் வலது முட்டிமேல் ஒருத்தன் விழுந்தான். ஜவ்வு கிழிந்துவிட்டது. வெளியில் வெறும் சுளுக்கு என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ஆபரேஷன் செய்தால் ஐந்தாறு மாதத்தில் பழையபடி ஆடலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஆபரேஷனை பிப்ரவரி 6-க்கு வைத்திருக்கிறோம். பிப்ரவரி 4 கையெழுத்து. புரிந்திருக்கும்.

உப்புச் சர்க்கரை மாற்றிவிட்டு மறைக்கலாமா என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். அவர்கள் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்களா? இதே இடத்துக்கு இன்னும் மூன்று பையன்களிடம் பேசி வைத்திருப்பதை இங்கே பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பன்னிரண்டு பஜ்ஜி சாப்பிட்ட வாய் அதைச் சொன்னதா? எதிர் வீட்டார் மறைக்கிற இடத்தில் நான் மட்டும் எதற்காகத் திறந்து காட்ட வேண்டும்? நாளைக்கு இவன் காலை ஒடித்தாலும் அவர்கள் மைதானம்தான் நிறையும். பெற்றவள் நான். நான் மறைப்பேன்.

இதைப் படித்துவிட்டு அவர்களுக்கு நீங்கள் போன் செய்தீர்கள் என்று தெரிந்தால் என்னிடம் பேசவே வேண்டாம்.

சேலை நன்றாக இருக்கிறது. அண்ணியிடம் சொல்லுங்கள்.

ராமாத்தாள்

*

எடிசன்
14 ஜனவரி 1998

அன்புள்ள ராமாத்தாளுக்கு,

பொங்கல் வைத்தாயா? இங்கே பனிக்குள்ளே பால் பொங்கியது. நாங்கள் சுகம்.

நான் யாருக்கும் போன் செய்ய மாட்டேன். சொல்வதும் சொல்லாததும் உங்கள் வீட்டு முடிவு. நீ கேட்ட கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் மறைத்தார்கள், உண்மை.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார். முட்டியை மறைப்பது ஒன்று, ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது வேறொன்று. முதலாவதில் ஏமாறுவது கோச். இரண்டாவதில் ஏமாறுவது முட்டி. என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கண்ணாடி போட்டால் அசிங்கம் என்று ஒரு வருஷம் கரும்பலகை தெரியாததை மறைத்தாள். எங்கள் எல்லோரையும் நன்றாக ஏமாற்றினாள். கடைசியில் கண்ணாடியின் எண் மட்டும் ஏறியிருந்தது. கிழிந்த ஜவ்வோடு பத்து வாரம் நடப்பதைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதவில்லை. சொல்லியிருப்பார்.

இன்னொன்று. இவர்கள் நாலு வருஷம் என்று வாயால் சொல்வார்கள். தாளில் இருப்பது ஒரு வருஷம்தான். வருஷா வருஷம் அவர்கள் விரும்பினால் புதுப்பிப்பார்கள். கையெழுத்துக்கு மறுநாள் மறைத்தது தெரிந்தால் இரண்டாவது வருஷம் என்ன ஆகும் என்று நீயே யோசி.

உன் கடிதத்தில் நீ என்ன நினைக்கிறாய் என்று இருக்கிறது. மாப்பிள்ளை தலையாட்டுகிறார் என்றும் தெரிகிறது. சபரி என்ன சொன்னான் என்று ஒரு வரிகூட இல்லை. பதினெட்டு வயசுப் பையன், அவன் கால். அவனைக் கேட்டாயா?

உன் அண்ணன்,
குமாரசாமி

*

சுகர்லேண்ட்
28 ஜனவரி 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகம்தானே. இங்கே சபரிக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ஆகிவிட்டது. நன்றாக ஆனது. இரண்டு ஊன்றுகட்டையோடு வீட்டுக்குள் நடக்கிறான்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவனைக் கேட்டேன். கேட்கத்தான் காத்துக்கொண்டிருந்தான் போல. "அம்மா, அந்த கோச்சுக்கு சால்ட் குடுத்த, சுகர் குடுத்த. என்ற கால் எப்படியிருக்குன்னு மட்டும் குடுக்கல. நான் அங்க உக்காந்துட்டு ஷேக் ஹேண்ட் பண்ணுனேன். எனக்கு ஷேமா இருந்துச்சு" என்றான். நம் பேச்சில் அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எப்போதும் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும்.

அன்றைக்கே அவனே கோச் ஹார்லனுக்குப் போன் செய்தான். நாங்கள் இருவரும் சமையலறையில் நின்றோம். மூன்றே நிமிஷம். உண்மையைச் சொன்னதற்கு அவர் நன்றி சொன்னாராம். எதுவும் மாறாது என்றாராம். நாலாம் நாள் வேறு யாரோ ஒரு அசிஸ்டன்ட் போன் செய்தார். இந்த வருஷம் அந்த இடத்துக்கு வேறு பையனைப் பார்க்கிறோம், சபரிக்கு எங்கள் வாழ்த்துகள் என்றார். கோச் ஹார்லன் அன்றிலிருந்து எங்கள் போனை எடுக்கவில்லை.

மற்ற நாலு பேருக்கும் நானே வெட்கத்தை விட்டுப் போன் செய்தேன். மூன்று இடம் நிரம்பிவிட்டது. ஒருவர் நான் முன்பு சொன்ன வார்த்தையை எனக்கே திருப்பிச் சொன்னார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்று.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். அவன்மேல் இல்லை. அவன் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கிழிக்காமல், நாலு முனையும் பிரித்து மடித்து எடுத்தான்.

ராமாத்தாள்

*

சுகர்லேண்ட்
5 பிப்ரவரி 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். ரொம்ப நாளுக்குப் பிறகு இதை நிஜமாகவே எழுதுகிறேன். அண்ணி எப்படி?

நேற்று கையெழுத்து நாள். பள்ளி ஜிம்மில் நீள மேஜை போட்டு, அந்த வருஷம் கல்லூரிக்குப் போகிற ஆட்டக்காரர்களை உட்கார வைப்பார்கள். ஒவ்வொருவன் முன்னாலும் அவனவன் கல்லூரித் தொப்பி. டிவிக்காரர்கள், பேப்பர்காரர்கள் வருவார்கள். பள்ளி கோச் முந்தின நாள் போன் செய்து, சபரி வீட்டிலேயே ஓய்வெடுக்கட்டும், வந்தால் அவனுக்குத்தான் கஷ்டம் என்றார். நல்ல மனுஷன், நல்லதாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஏறிவிட்டது. என் மகன் இந்தப் பள்ளிக்கு நாலு வருஷம் முட்டியைக் கொடுத்தான், அந்த மேஜையில் அவனுக்கு ஒரு நாற்காலி போடுங்கள், போடாவிட்டால் நான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இவர், எதற்கு இந்த வீம்பு என்றார். பிறகு அவரே காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தார்.

கட்டையை ஊன்றிக்கொண்டு சபரி உள்ளே வந்தான். ஆறு பையன்கள் இருந்தார்கள். அதில் ஒருவன், இவன் பக்கத்தில் வரிசையில் நிற்கிறவன், எழுந்து நாற்காலியை இழுத்து விட்டான். சபரி உட்கார்ந்தான். எல்லார் முன்னாலும் தொப்பி, இவன் முன்னால் வெறும் மேஜை.

மற்ற ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். ஒரு டிவிக்காரர் சங்கடப்பட்டுக்கொண்டே இவனிடம் மைக்கை நீட்டி, நீ எந்தக் கல்லூரி என்றார். இவன் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன். "என் பெயர் சபரி மயில்சாமி. வலது முட்டி கிழிந்திருந்தது, தைத்தாகிவிட்டது, ஜூலையில் ஓடுவேன். மறைத்திருந்தால் இன்றைக்கு எனக்கும் ஒரு தொப்பி இருந்திருக்கும். வேண்டுமென்கிறவர்கள் வரலாம். எங்கள் வீட்டு முகவரியை யார் கேட்டாலும் சொல்வோம்." சிரிக்கவில்லை, அழவில்லை. பத்மநாபன் சார் மகனும் அங்கே நின்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

ராத்திரி செய்தியில் பத்து விநாடி காட்டினார்கள். இன்று காலை ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து போன். ஐந்து மணி நேரக் கார்ப் பயணம். நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்த கோச்சுக்கும் கல்லூரி நாளில் முட்டி போனதாம். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, 14-ஆம் தேதி, வீட்டுக்கு வருகிறார்.

இந்தத் தடவை நான் என்ன செய்யட்டும், அண்ணா? உதாரணம் வேண்டாம். நேராகச் சொல்லுங்கள்.

தங்கை,
ராமாத்தாள்

*

எடிசன்
9 பிப்ரவரி 1998

அன்புள்ள ராமாத்தாளுக்கு,

சாரதா உன் கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி, அவளே சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு முதுகு வலிக்கவில்லை என்றாள். நானும் சுகம்.

என்மேல் உனக்கிருக்கும் கோபத்தை அவசரப்பட்டு விட வேண்டாம். நான் சொன்ன உதாரணத்தால் நாலு கதவு மூடியது. அது எனக்கு மறக்காது. ஆனால் வெறும் மேஜை முன்னால் அவனை உட்கார வைக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது. வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொன்ன அந்த நல்ல மனுஷன் பக்கம்தான் நானும் இருந்திருப்பேன். சபரியிடம் சொல், மாமா அந்தப் பத்து விநாடியைப் பார்க்க முடியவில்லை, டேப் இருந்தால் அனுப்பச் சொன்னார் என்று.

சின்னக் கல்லூரி என்று கூச்சப்படாதே, பெரிய மனசு என்று மயங்கவும் வேண்டாம். முட்டி போனவர் என்பதற்காக வாக்குக் காப்பாற்றுவார் என்று எந்தச் சட்டமும் இல்லை. பஜ்ஜி போடு, உபசாரம் பண்ணு, எல்லாம் செய். பேசும்போது சபரி பக்கத்தில் நிற்கட்டும், கட்டையோடு.

உதாரணம் வேண்டாம் என்றாய். சரி. 14-ஆம் தேதி அவர் உட்கார்ந்ததும் மேஜைமேல் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வை. "இந்தக் கால் மறுபடியும் போனால், இவன் படித்து முடிக்கும்வரை நீங்கள் என்ன தருவீர்கள்?" என்று கேள். பதிலைப் பேசவிடாதே. எழுதச் சொல்.

உன் அண்ணன்,
குமாரசாமி